ஒப்பேற்று மரம்

ஆங்கிலத்தில் 'ஜூரி ரிக்' என்று ஒரு சொல் வழங்குகிறது. உரிய பொருளும் உரிய கருவியும் கிடைக்காத இடத்தில், கைக்கு எட்டியதைக் கொண்டு ஒரு பழுதை அப்போதைக்குச் சரிசெய்து, நின்றுபோன காரியத்தை மறுபடி நடக்கச் செய்வதை அச்சொல் குறிக்கும். வழியில் அறுந்த விசிறிப்பட்டைக்குப் பதிலாக வேறொன்றைக் கட்டி வண்டியைப் பட்டறை வரை ஓட்டிச் செல்வதற்கும், கணினி நிரல் ஒன்றில் இரவோடு இரவாக ஒட்டுப்போட்டு மறுநாள் வேலையை நடத்துவதற்கும் இன்று அந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் அது பட்டறையில் பிறந்த சொல்லன்று, கடலில் பிறந்தது. பாய்மரக் கப்பலின் மரங்களும், அவற்றில் குறுக்கே தொங்கும் பருமல்களும், பாய்களும், அவற்றைத் தாங்கியும் இழுத்தும் நிறுத்தும் கயிறுகளும் சேர்ந்த முழு அமைப்புக்கு ஆங்கிலக் கடலோடிகள் 'ரிக்' என்று பெயர் வைத்திருந்தனர். அந்த அமைப்பு புயலிலோ போரிலோ சிதைந்த பிறகு மாலுமிகள் அவசரமாக எழுப்பிக்கொண்ட மாற்று அமைப்பே ஜூரி ரிக் ஆயிற்று.

தமிழ் வாசகருக்கு இச்சொல்லில் ஓர் இடறல் உண்டு. 'ஜூரி' என்றால் அவர் மனத்தில் உடனே எழுவது நீதிமன்றத்தில் நீதிபதியின் பக்கத்தில் அமர்ந்திருந்த குடிமக்கள் குழுவே. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அம்முறைக்கு இடமில்லாமற் போய்விட்டாலும், பழைய செய்தித்தாள்களின் வழியாகவும் திரைப்படங்களின் வழியாகவும் அச்சொல் தமிழில் தங்கிவிட்டது. இக்கட்டுரையாசிரியர் 1980களின் தொடக்கத்தில் சென்னையில் ஆங்கில–தமிழ் அகராதிப் பணி ஒன்றில் சீட்டு சரிபார்ப்பவராக இருந்தபோது, அந்த மாற்று அமைப்பின் பாய்மரத்தைக் குறிக்கும் 'ஜூரி மாஸ்ட்' என்னும் தலைச்சொல்லுக்கு எதிரே 'நடுவர் பாய்மரம்' என்று அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்த ஒரு சீட்டு அவர் மேசைக்கு வந்தது. எழுதியவர் சட்டத்துறைச் சொற்களில் நல்ல பயிற்சியுள்ளவர், கடலை அறியாதவர். அந்தச் சீட்டைத் திருத்தப் புகுந்ததே இச்சொல்லின் பின்னால் பல ஆண்டுகள் செல்ல வேண்டிய தேவையை உண்டாக்கிற்று.

பாய்மரம் முறிவது என்றால் என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இயந்திரம் வருவதற்கு முந்தைய கப்பலுக்குக் காற்றைப் பிடித்துத் தரும் மரமே உயிர். மரம் போய்விட்டால் கப்பல் ஓட்டம் இழப்பதோடு நிற்பதில்லை. திசை திருப்பும் ஆற்றலையும் அது இழந்துவிடுகிறது, ஏனெனில் நீர் கடந்து ஓடினால்தான் சுக்கான் வேலை செய்யும். ஓடாத கப்பல் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி உருளத் தொடங்கும். முறிந்து விழுந்த மரமோ கயிறுகளால் இன்னும் கப்பலோடு பிணைந்தபடி நீரில் மிதந்து, ஒவ்வோர் அலைக்கும் கப்பலின் பக்கப்பலகையை இடிக்கும். ஆகவே முதல் வேலை கோடரி எடுத்து அக்கயிறுகளை வெட்டுவது. ஆனால் எல்லாவற்றையும் வெட்டி விட்டுவிடவும் கூடாது, ஏனெனில் அடுத்த மரத்துக்குத் தேவையான கட்டையும் கயிறும் பாயும் அந்தச் சிதைவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். எதை வெட்டுவது, எதை இழுத்துக் காப்பாற்றுவது என்று இருட்டிலும் மழையிலும் சில நொடிகளில் முடிவு செய்யும் அந்த அறிவே ஜூரி ரிக் கலையின் முதற்பாடம்.

பெரிய கப்பலின் மரம் ஒரே கட்டையாக இருப்பதில்லை. அடிமரம், அதன்மேல் நடுமரம், அதற்கும் மேல் நுனிமரம் என்று அடுக்கடுக்காக ஏற்றிக் கட்டப்பட்டிருக்கும். அடிமரம் முறிந்தால், காப்பாற்றிய நடுமரத்தையோ பருமலையோ தளத்தில் கிடத்தி, இரண்டு கட்டைகளின் நுனிகளைச் சேர்த்துக் கட்டிக் கத்தரிக்கோல் போல விரித்து நிறுத்தி, அந்தக் கவையின் உச்சியிலிருந்து கப்பி தொங்கவிட்டு, புதிய மரத்தை மெல்ல மெல்லத் தூக்கி, எஞ்சிய அடிக்கட்டையோடு வரிந்து கட்டுவார்கள். மரத்தின் உச்சியில் மாட்டுவதற்கென்றே ஒரு முடிச்சு உண்டு. அதற்கு ஜூரி மாஸ்ட் முடிச்சு என்றே பெயர். மரத்தைச் சுற்றி இறுகும் நடுவளையமும், அதைச் சூழ மூன்று காதுகளும் அந்த முடிச்சில் அமையும். அந்தக் காதுகளில் கயிறு கோத்துக் கப்பலின் இரு பக்கமும் அணியம் என்னும் முன்பக்கமும் இழுத்துக் கட்டினால் மரம் சாயாமல் நிற்கும். மரம் முற்றிலும் முறியாமல் விரிசல் மட்டும் கண்டிருந்தால், நீளப் பலகைகளை அதன் நாற்புறமும் வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். எலும்பு முறிவுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியரின் வேலையும் இதுவும் ஒன்றே.

'ஜூரி மாஸ்ட்' என்னும் சொல்லுக்கு அச்சில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, 1616இல் லண்டனில் வெளிவந்த 'நியூ இங்கிலாந்து பற்றிய விவரணம்' என்னும் நூலில் உள்ளது. அதன் ஆசிரியர் கேப்டன் ஜான் ஸ்மித். அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு நியூ இங்கிலாந்து என்ற பெயரை நிலைபெறச் செய்தவர் அவர். 1615இல் அவர் இரண்டு கப்பல்களோடு பிளிமத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டபோது புயலில் அவருடைய கப்பலின் மரங்கள் முறிந்தன. கிடைத்ததைக் கொண்டு ஒரு மரம் எழுப்பி அவர் பிளிமத்துக்கே திரும்ப நேர்ந்தது. மறுபடி ஒரு சிறு கப்பலில் புறப்பட்டார்; இம்முறை பிரெஞ்சுக் கடற்கொள்ளையரிடம் சிக்கினார். அவர்களுடைய கப்பலில் கைதியாக இருந்த நாள்களில்தான் அந்த நூலை எழுதினார். ஆக, இச்சொல் நூலேறியது ஒரு நினைவுக் குறிப்பின் வழியாகவே; முறிந்த மரத்தின் அடியில் நின்ற ஒருவர் தாம் பட்டதை எழுதும்போது, தம் மாலுமிகளின் வாயில் புழங்கிய சொல்லை விளக்கம் எதுவும் தராமல் அப்படியே எழுதிவிட்டார். விளக்கம் தரவில்லை என்பதிலிருந்தே, அச்சில் வருவதற்கு வெகுமுன்பே அது கடலில் பழகிய சொல்லாக இருந்திருக்க வேண்டும் என்று கொள்ளலாம்.

கடற்சொற்களுக்கென்று அமைந்த புகழ்பெற்ற அகராதி ஒன்று 1769இல் வெளிவந்தது. தொகுத்தவர் வில்லியம் ஃபால்கனர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். புயலிலோ போரிலோ இழந்த மரத்தின் இடத்தில் தற்காலிகமாக நிறுத்தப்படும் மரம் என்னும் பொருள் அவருடைய அகராதியில் தெளிவாகப் பதிவாயிற்று. ஃபால்கனர் மேசையிலிருந்து சொல் தொகுத்தவரல்லர். கிரேக்கக் கரையருகே கப்பல் உடைந்து தப்பிப் பிழைத்த சிலருள் ஒருவர். அகராதி வெளிவந்த அதே ஆண்டில் 'அரோரா' என்னும் போர்க்கப்பலில் கணக்கு அலுவலராக இந்தியாவுக்குப் புறப்பட்டார். அக்கப்பலில் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய மேற்பார்வையாளர் மூவர் இருந்தனர். அவர்களுள் ஹென்றி வான்சிட்டார்ட், சிறுவனாகவே கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் எழுத்தராகச் சேர்ந்து தம் வாழ்வைத் தொடங்கியவர். 1769 டிசம்பரில் நன்னம்பிக்கை முனையை விட்டுக் கிளம்பிய அரோரா எந்தக் கரையையும் சேரவில்லை. முறிந்த மரத்துக்கு மாற்று மரம் என்றால் என்ன என்று உலகுக்கு எழுதி வைத்தவரைக் கடல் கொண்டுபோயிற்று என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

'ஜூரி' என்னும் முன்னொட்டு எங்கிருந்து வந்தது என்பதில் ஆங்கில அறிஞர்களிடையே முடிந்த முடிபு இல்லை. நீதிமன்ற ஜூரி, 'சத்தியம் செய்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சத்தியம் செய்துகொடுத்தவர்களின் குழு என்பதே அதன் பொருள். கடல் ஜூரிக்கும் அதற்கும் உறவு காட்டச் சான்றில்லை. காயம் என்று பொருள்படும் 'இஞ்சுரி' என்னும் சொல்லின் தலை உதிர்ந்து 'ஜூரி' ஆயிற்று என்று சிலர் சொல்வர். ஒரு நாளைக்கு மட்டும் உதவும் மரம் என்ற கருத்தில், நாளைக் குறிக்கும் 'ஜூர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லோடு இணைப்பார் வேறு சிலர். இவை இரண்டும் கேட்பதற்கு இனிமையானவை; அவ்வளவே. உதவி, துணை என்று பொருள்படும் 'அஜூரி' என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து தேய்ந்து இது பிறந்திருக்கலாம் என்ற கருத்தே ஓரளவு மதிக்கத்தக்கது. அதுவே உண்மையானால், ஜூரி மாஸ்ட் என்பதன் நேர்ப்பொருள் துணைமரம். தமிழில் இதே இடத்தில் நாம் 'பொய்' என்னும் அடையைச் சேர்க்கிறோம். இழந்த காலுக்குப் பதிலாகக் கட்டிய மரக்கால் நமக்குப் பொய்க்கால் ஆகிறது. ஒரு மொழி அப்பொருளை மெய்யானதன் எதிரில் வைத்துப் பார்த்தது; இன்னொரு மொழி அதைத் துணைக்கு வந்ததாகப் பார்த்திருக்கலாம் என்னும் எண்ணம் அகராதிச் சீட்டின் முன்னே அமர்ந்திருந்தவரை நெடுநேரம் வேறு வேலை செய்யவிடவில்லை.

ஜூரி மரத்தோடு கடலைக் கடந்த கப்பல்களின் பட்டியல் நீளமானது. 1798 மே மாதத்தில் சார்டீனியாத் தீவுக்கு அருகே புயலில் முன்மரத்தை இழந்த, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'வான்கார்ட்', துணைக்கப்பல் இழுத்துச் சென்ற ஒரு சிறு துறையில் நான்கே நாளில் மாற்று மரம் கண்டு புறப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நைல் போரில் வென்றது. 1805 அக்டோபரில் டிரஃபால்கர் போரில் பின்மரத்தை இழந்த 'விக்டரி', ஜிப்ரால்டரில் ஒப்பேற்றிய மரங்களோடுதான் நெல்சனின் உடலைத் தாய்நாட்டுக்குச் சுமந்து சென்றது. ஆயினும் இவை அனைத்தையும்விட இச்சொல்லின் உள்ளத்தைக் காட்டும் நிகழ்ச்சி, மரம் முறியாத ஒரு கப்பலில், அதன் அடிப்புறத்தில் நடந்தது.

1770 ஜூன் 11ஆம் நாள் இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்னர், ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் 'எண்டவர்' ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் பவளப்பாறை மேல் ஏறி நின்றுவிட்டது. கப்பலை இலகுவாக்க ஆறு பீரங்கிகளையும், அடிப்பாரத்தையும், பீப்பாய்களையும் கடலில் எறிந்தார்கள். நாற்பது ஐம்பது டன் எடை போயிற்று. மறுநாள் இரவு நீரேற்றத்தில் பாறையிலிருந்து விடுபட்டாலும், அடியில் விழுந்த ஓட்டை வழியாக நீர் பொங்கிக்கொண்டிருந்தது. நீர் இறைக்கும் பம்புகள் நான்கில் மூன்றுதான் வேலை செய்தன. கரை எட்டத்தில் இருந்தது. கப்பலில் ஏறத்தாழ நூறு பேர் இருந்தனர். படகுகளில் அத்தனை பேருக்கும் இடமில்லை. அப்போது ஜானதன் மங்க்ஹவுஸ் என்னும் பயிற்சி அலுவலர், தாம் முன்பு ஒரு வணிகக் கப்பலில் வர்ஜீனியாவிலிருந்து லண்டனுக்கு வந்தபோது இதேபோன்று ஒழுகிய கப்பலை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை நினைவுகூர்ந்தார்.

அவர் சொன்ன முறைக்கு ஆங்கிலத்தில் 'ஃபதரிங்' என்று பெயர். பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரையும் கம்பளியையும் பொடிப்பொடியாக நறுக்கிக் கலந்து, உருண்டை பிடித்து ஒரு பழைய பாயின்மேல் நெருக்கமாக ஒட்டி, கப்பலில் வளர்த்த ஆடுகளின் சாணத்தை அதன்மேல் பூசி, பாயின் நான்கு மூலைகளிலும் கயிறு கட்டிக் கப்பலின் அடிவழியாக ஓட்டை இருக்கும் இடம் வரை இழுத்துச் செல்ல வேண்டும். உள்ளே பாயும் நீரின் விசையே அந்த நாரையும் கம்பளியையும் உறிஞ்சி ஓட்டைக்குள் அடைத்துவிடும். எந்த நீர் கப்பலை மூழ்கடிக்க வந்ததோ அதுவே அடைப்பைப் போட்டுக் கொடுக்கிறது என்பதில்தான் அம்முறையின் நுட்பம் இருக்கிறது. பாய் ஓட்டையைச் சேர்ந்ததும் நீர் வரத்து ஒரே பம்பு சமாளிக்கும் அளவுக்குக் குறைந்தது. பின்னர் ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் கப்பலைக் கரையேற்றிப் பார்த்தபோது, உடைந்த பவளத்துண்டு ஒன்றும் ஓட்டையிலேயே செருகி நின்று பெருமளவு நீரைத் தடுத்திருந்தது தெரிய வந்தது. அங்கே ஏறக்குறைய ஏழு வாரம் தங்கி, மரம் அறுத்து, ஆணி அடித்து, முறையான பழுதுபார்ப்பை முடித்தார்கள். மங்க்ஹவுஸின் பணியைக் குக் தம் நாட்குறிப்பில் பாராட்டி எழுதினார். ஆனால் அந்த இளைஞர் ஊர் திரும்பவில்லை. பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) பரவிய நோய்க்குப் பின் 1771 பிப்ரவரியில் கடற்பயணத்திலேயே இறந்தார். கடலில் எறிந்த அந்த ஆறு பீரங்கிகள் 1969இல் பவளம் படிந்த நிலையில் மீட்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. ஒன்று, ஒப்பேற்றுதல் என்பது அறியாமையின் வேலையன்று. எங்கோ ஒரு கப்பலில் பார்த்ததை உடலும் மனமும் நினைவில் வைத்திருந்து, உரிய நேரத்தில் எடுத்துத் தரும் தேர்ந்த தொழிலறிவின் வேலை. மற்றொன்று, அது தன்னை நிலையானது என்று ஒருபோதும் சொல்லிக்கொள்வதில்லை. கரை வந்ததும் பாயை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பலகையை மாற்றியாக வேண்டும் என்பது அதைக் கட்டிய கைக்கே முதலில் தெரியும்.

இக்கட்டுரையாசிரியருக்கு இவ்விரண்டும் நூல் வழியாக வந்து சேர்வதற்கு முன்பே ஒரு சிறுவயதுக் காட்சி வழியாக வந்திருந்தன. ஆனால் அது இச்சொல்லின் விளக்கம் என்பது அவருக்கு அப்போது தெரியாது. 1960களில் தூத்துக்குடியில் பாய்த்தோணிகள் கொழும்புக்கு வெங்காயமும் வற்றல் மிளகாயும் கூரை ஓடும் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. தோணிகளில் எஞ்சின் பொருத்தாத காலம் அது. ஒரு நாள் பிற்பகல் பழைய துறைமுகத்துக்கு வெளியே, வழக்கமான பெரிய பாய் இல்லாமல், குட்டையான மரத்தில் அளவு குறைந்த பாயோடு ஒரு தோணி மிக மெதுவாக வந்துகொண்டிருந்தது. கரையில் நின்ற பெண்கள் யாரும் பேசவில்லை. தோணி அணைந்த பிறகு பார்த்தால், பெரிய மரம் ஆள் உயரத்துக்குமேல் முறிந்திருந்தது; அந்த அடிக்கட்டையோடு பருமலை நிமிர்த்தி வைத்து, நங்கூரக் கயிற்றால் சுற்றிச் சுற்றி வரிந்து, கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையே ஆப்பு இறக்கியிருந்தார்கள். ஆஞ்சான் என்பது பாயை மேலே ஏற்றும் கயிறு. தாமான் என்பது பாயின் கீழ் மூலையைப் பின்னே இழுத்துப் பிடிக்கும் கயிறு. அந்த இரண்டும் இருந்த இடம் மாறி, ஆனால் ஒன்றுகூடச் சிக்கல் இல்லாமல் ஒழுங்காக இருந்தன.

தோணியின் தலைவரைத் தண்டல் என்பது வழக்கம். அந்தத் தண்டல் முதியவர். கரையேறியதும் கைகால் கழுவிக்கொண்டு படியில் அமர்ந்திருந்த அவரிடம், இந்த மரம் இனிமேல் இப்படியேதான் இருக்குமா என்று சிறுவன் கேட்டான். "இது ஒப்பேத்துறதுக்கு வச்சது தம்பி. கரை சேர்ற வரைக்கும் நின்னாப் போதும். கரையில ஓடாவி இருக்காரு" என்று அவர் சொன்னார். ஓடாவி என்பவர் தோணி கட்டும் தச்சர். சொல்லும்போது தண்டலின் பார்வை சிறுவனிடம் இல்லை. தாம் கட்டிய கட்டின்மீதே இருந்தது. மறுநாளே ஓடாவியின் ஆட்கள் அக்கட்டை அவிழ்த்தார்கள். அவிழ்க்க அவர்களுக்குக் காலையிலிருந்து உச்சிவேளை வரை பிடித்தது.

ஆங்கிலத்தில் ஜூரி ரிக் என்பதற்கு ஒலியில் நெருங்கிய, பொருளில் நேர் எதிரான இன்னொரு சொல் 1869 முதல் எழுத்துச் சான்றோடு கிடைக்கிறது. அது 'ஜெரி பில்ட்'. இலாபத்துக்காக மட்டமான செங்கல்லும் கலப்படச் சாந்தும் கொண்டு விரைவாகக் கட்டி, வெளிப்பூச்சில் நல்ல வீடு போலக் காட்டி விற்றுவிடுவதை அது குறிக்கும். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் வரிசை வரிசையாக எழுந்த தொழிலாளர் குடியிருப்புகளில் பலவற்றுக்கு அந்தப் பெயர் பொருந்தியது. யார் அந்த ஜெரி என்பதற்குப் பல கதைகள் சொல்லப்படுகின்றன, லிவர்ப்பூலில் அப்பெயர் கொண்ட கட்டுமானக்காரர் ஒருவர் இருந்தார் என்பர், எக்காளம் ஊதியதும் விழுந்த எரிகோ நகர மதிலைக் குறிக்கும் என்பர், எதற்கும் சான்றில்லை. ஜெர்மானியப் படைவீரரைக் குறித்த 'ஜெரி' என்னும் பட்டப்பெயரோ முதல் உலகப்போர்க் காலத்தது. ஆகவே அது இதற்கு மூலமாக இருக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இவ்விரு சொற்களும் மக்கள் வாயில் குழம்பி 'ஜெரி ரிக்' என்று மூன்றாவதாக ஒன்று தோன்றியது. இன்று பல அகராதிகள் அதையும் ஏற்றுக்கொண்டுவிட்டன. வழக்கு வென்றுவிட்டால் அகராதி பணிய வேண்டும் என்பது முறைதான். எனினும் இந்தக் குழப்பத்தால் ஓர் அறவேறுபாடு அழிகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது சரியன்று. புயலில் மரம் நட்டவர் ஏமாற்றவில்லை. கட்டும்போதே அது தற்காலிகமானது என்று அனைவர் கண்ணுக்கும் தெரியும்படி விட்டிருந்தார். மட்டமான வீட்டைக் கட்டியவரோ தற்காலிகமானதை நிலையானது என்று விலை பேசினார். இக்கட்டுரையாசிரியரின் குடும்பம் சென்னையில் ஒருமுறை குடிபுகுந்த புதிய வாடகை வீடொன்றில், கூரைக்கும் சுவருக்கும் இடையே ஓடிய விரிசலைப் பட்டி பூசி, அதன்மேல் வெளிர் நீலத்தில் வண்ணம் அடித்திருந்தார்கள். முதல் ஐப்பசி மழையில் வண்ணம் உப்பி உரிந்து, விரல் நுழையும் அளவுக்கு உள்ளே பிளவு தெரிந்தது. பூசிய கைக்கும் ஓரளவு திறமை இருந்தது. அத்திறமை முழுவதும் மறைப்பதற்குச் செலவாகியிருந்தது என்பதே அங்கே குற்றம். தண்டலின் கட்டையும் இந்தப் பூச்சையும் ஒரே சொல்லால் அழைப்பது, வைத்தியரையும் நோயை மறைத்து மாட்டை விற்பவரையும் ஒரே பெயரால் அழைப்பதற்கு ஒப்பாகும்.

பழுதுபார்ப்போரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பலவும் காலப்போக்கில் இப்படி இழிந்தே வந்திருக்கின்றன. 'பாட்ச்' என்னும் வினை இடைக்காலத்தில் செப்பனிடுதல் என்றே பொருள்பட்டது. இன்று அதற்குக் கெடுத்துக் குட்டிச்சுவராக்குதல் என்று பொருள். செருப்பைத் தைப்பவரின் வினையான 'காபிள்', பொருந்தாதவற்றை அவசரமாகச் சேர்ப்பதாகிவிட்டது. பக்கிங்காம்ஷயர் காடுகளில் பீச் மரத்தைக் கால்மிதிக் கடைசலில் கடைந்து, ஹை விக்கம் ஊரின் நாற்காலிகளுக்குக் கால்கள் செய்து தந்த கைதேர்ந்தவர்களை 'பாட்ஜர்' என்று அழைத்தார்கள்; ஆனால் 'பாட்ஜ்' என்னும் வினைக்கு இன்றைய ஆங்கிலத்தில் அரைகுறை வேலை என்பதே பொருள். ஊர் ஊராகச் சென்று பாத்திரத்துக்குப் பற்றுவைத்த 'டிங்கர்' சமூகத்தின் பெயரோ வசையாகவும், நோக்கமின்றி எதையாவது நோண்டுவதாகவும் ஆகிவிட்டது. இச்சொற்களை இழிவாக்கியவர்கள் தம் கையால் எதையும் ஒட்டிப் பிழைக்க வேண்டிய தேவையில்லாத மக்களாகத்தான் இருக்க வேண்டும் என்று இக்கட்டுரையாசிரியர் கருதுகிறார்.

அந்தச் சொற்களுள் சில தம் மதிப்பைத் தமிழகத்துத் தெருக்களில் வைத்துக்கொண்டிருக்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரியது. நம் ஊர்ப் பட்டறைகளில் 'டிங்கரிங்' என்பது நசுங்கிய தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவரும் நுண்ணிய தொழில். டிங்கர் என்று ஒருவரைச் சொன்னால் அது மரியாதை. மாற்றுச் சக்கரத்துக்கு நாம் வழங்கும் 'ஸ்டெப்னி' இன்னும் வியப்பானது. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் ஸ்டெப்னி என்னும் தெருவின் பெயரால் தயாரிக்கப்பட்ட அது முழுச் சக்கரமன்று. ஆரக்கால் இல்லாத, காற்றடைத்த ஒரு வளையம். காற்றுப்போன சக்கரத்தின் பக்கத்தில் அதை இறுக்கிப் பிணைத்து வண்டியை ஊர் சேர்ப்பார்கள். அதாவது, அது சாலையின் ஜூரி மாஸ்ட். பிறந்த நாட்டில் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட அச்சொல், இங்கே ஒவ்வொரு லாரி ஓட்டுநரின் வாயிலும் உயிரோடு இருக்கிறது.

தமிழிலும் இழிவு நேராமல் இல்லை. 'முட்டுக்கொடுத்தல்' என்பது சாயும் வாழைக்கும் சரியும் சுவருக்கும் செய்த உதவி. இன்றைய மேடைப்பேச்சில் தவறு செய்தவருக்கு ஆதரவாகப் பேசுவதைப் பழிக்கும் சொல்லாக அது மாறிவருகிறது. 'ஒப்பேற்றுதல்' என்பதும் அவ்வாறே, பள்ளிப் பாடத்தையும் அலுவலகக் கோப்பையும் எப்படியோ முடித்துக் கணக்குக் காட்டுவதாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் சொல்லின் உருவத்தைப் பார்த்தால் அதில் ஒப்பும் இருக்கிறது, ஏற்றுதலும் இருக்கிறது. இல்லாததற்கு ஒப்பான ஒன்றை ஏற்றி நிறுத்துதல் என்று அதை விரித்துக்கொள்ளலாம். முறிந்த கட்டையின்மேல் பருமலை ஏற்றி நிறுத்திய தண்டலின் வாயில் அச்சொல் எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பது, கேட்ட சிறுவனுக்கு விளங்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

'நடுவர் பாய்மரம்' என்ற சீட்டு இறுதியில் நீக்கப்பட்டு, 'ஒப்பேற்று மரம்: புயலிலோ போரிலோ முறிந்த பாய்மரத்துக்குப் பதிலாகக் கரை சேரும்வரை நிறுத்தப்படுவது' என்று புதிய சீட்டு எழுதப்பட்டது. மேற்பார்வைக் குழு அதைப் பேச்சுவழக்கு என்று சொல்லித் 'தற்காலிகப் பாய்மரம்' என மாற்றியது. அம்மாற்றத்தில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அதில் கடல் இல்லை. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியைப் புரட்டினால், யாழ்ப்பாணக் கரையில் வாழ்ந்து தமிழ் கற்ற ஒருவர், கப்பல்தொழில் சார்ந்த சொற்களையும் விடாமல் அதில் சேர்த்து வைத்திருப்பதைக் காணலாம். அவருக்குப் பின் சேர்ந்தவை குறைவு. ஆஞ்சானும் தாமானும் பருமலும் அறிந்த பாய்த்தோணிக் காலத்துத் தண்டல்களும் ஓடாவிகளும் தூத்துக்குடியிலும் வல்வெட்டித்துறையிலும் இன்று மிக முதியவர்களாக ஆங்காங்கே இருக்கிறார்கள். மரம் முறிந்த இரவில் தாங்கள் எதை எதோடு கட்டினோம், அந்தக் கட்டுக்கும் முடிச்சுக்கும் என்ன பெயர் சொன்னோம் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கக்கூடிய இளைஞர்கள் அவ்வூர்களில் இருப்பார்களானால், அவர்கள் இந்த ஆண்டே அதைச் செய்ய வேண்டும்.